மட்டாஞ்சேரி எலியும் மலையோர உண்ணியும்

மட்டாஞ்சேரிக்குப் போகிறவர்கள் பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்ப்பார்கள், டச்சு அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்களைப் பார்ப்பார்கள், யூதத் தெருவில் ஏலக்காயும் பட்டையும் பேரம் பேசி வாங்கிக்கொண்டு படகு ஏறுவார்கள். நான் எலியைத் தேடிப் போனேன்.

காரணம் ஒரு செய்தி. 2023 டிசம்பரில் எர்ணாகுளம் மாவட்டத்தில் முதன்முறையாக ஒருவருக்கு, எலியிலிருந்து உண்ணி வழியாக மனிதருக்கு வரும் லைம் நோய் உறுதியானது. மாவட்டத்தின் கிழக்கே, பெரும்பாவூர்ப் பக்கத்துக்காரர். காய்ச்சலும் முழங்கால் வீக்கமுமாக எர்ணாகுளத்தில் ஒரு மருத்துவமனைக்கு வந்தவருக்குப் பிறகு வலிப்பின் அறிகுறியும் தென்பட்டது. தண்டுவட நீரைச் சோதித்ததில் மூளை உறையில் அழற்சி என்று தெரிந்தது. முட்டி வீக்கத்தை ஒரு வியாதியாகவும் மூளை உறை அழற்சியை இன்னொரு வியாதியாகவும் பிரித்துப் பார்க்காமல், இரண்டையும் சேர்த்து யோசித்த மருத்துவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. மாதிரி புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனத்துக்குப் போனது. லைம்தான் என்று பதில் வந்தது. அவர் குணமாகி வீடு திரும்பினார்.

லைம் என்பது ஓர் ஊர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், அட்லாண்டிக் கரையோரம் இருக்கிறது. 1975இல் அங்கே பாலி மர்ரி என்ற பெண்மணி, தன் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பிள்ளைகளுக்கு முட்டி வீங்குவதைக் கவனித்து, ஒவ்வொருவர் பெயராக எழுதிவைத்துச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் அந்தப் பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக விசாரித்தார். 1977இல் ‘லைம் மூட்டு அழற்சி’ என்று மருத்துவ உலகுக்கு அறிவித்தார். அங்கிருந்து எர்ணாகுளம் பூமிப் பந்தின் மறுபக்கம். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய நோய் பெரியாற்றங்கரையில் எப்படித் தட்டுப்பட்டது? இந்தக் கேள்வியோடுதான் மாவட்டத்தின் கடல் முனையிலிருந்து மலை முனைவரை போய்ப் பார்ப்பது என்று கிளம்பினேன். கடல் முனை என்றால் மட்டாஞ்சேரி.

எர்ணாகுளம் படகுத்துறையில் ஏறினால் இடப்புறம் வில்லிங்டன் தீவு, வலப்புறம் தூரத்தில் வல்லார்பாடத்தின் பாரந்தூக்கிகள். ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, கல்வத்தி கால்வாயைத் தாண்டினால் பஜார் ரோடு ஆரம்பிக்கிறது. ஒருபக்கக் கட்டடங்களுக்கெல்லாம் முதுகில் காயல். முன்வாசலில் லாரி நிற்கும். பின்வாசலில் ஒருகாலத்தில் வள்ளம் நின்றது. தடித்த சுவர், ஓட்டுக்கூரை, நடுவில் முற்றம். சுக்கும் மிளகும் காய்ந்து காய்ந்து சுண்ணாம்புச் சுவரிலேயே அந்த நெடி ஏறிவிட்டிருக்கிறது. பல பண்டகசாலைகள் இன்று ஓவியக் கூடங்களாகவும் தேநீர்க் கடைகளாகவும் மாறிவிட்டன. ஆனாலும் அரிசியும் பருப்பும் மசாலாவும் வந்து இறங்குகிற குடோன்கள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒன்றின் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, பட்டப்பகலில், உத்தரத்தின் மேல் அது ஓடியது. வாலே உடலைவிட நீளம். பெரிய காது. கயிற்றின் மேல்கூட நிதானம் தவறாமல் நடக்கும் வீட்டெலி.

கணக்கெழுதிக்கொண்டிருந்த பெரியவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். “பூனை இருக்கு, பொறி இருக்கு. எலியும் இருக்கு. அப்பா காலத்திலேயும் இப்படித்தான்” என்றார் மலையாளத்தில்.

அவர் அப்பா காலத்துக்கும் முன்னால் இன்னும் எத்தனையோ தலைமுறைகள் பின்னே போகலாம். உலகத் துறைமுகங்களில் எல்லாம் வாழும் இந்த வீட்டெலியின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா எங்கும் பரவியிருக்கும் கிளைக்கு மூலம் இந்தியா என்று அது காட்டியது. 2022இல் வந்த மற்றோர் ஆய்வு, பழைய எலும்புகளின் மரபணுவை எடுத்துப் பார்த்து, இந்த எலி ஐரோப்பாவுக்கு ஒருமுறை ரோமானியர் காலத்திலும், அந்தப் பேரரசு சிதைந்து எலிக்கூட்டம் அருகிய பின் மறுபடி ஒருமுறை இடைக்காலத்திலும் போய்ச் சேர்ந்தது என்று சொன்னது. ரோமானியர் காலத்தில் இந்தியாவிலிருந்து மேற்கே கப்பல்கள் எதற்காகப் போயின என்று தமிழ் படித்தவருக்குச் சொல்லவேண்டியதில்லை. மிளகுக்காக. யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூறு பேசுகிறது. அந்தக் கலங்கள் வந்த முசிறித் துறைமுகம் இதே எர்ணாகுளம் மாவட்டத்தில் வடக்கு பறவூர் அருகிலுள்ள பட்டணம் என்ற ஊர்தான் என்று, அங்கே 2007 முதல் அகழ்ந்தவர்கள் கருதுகிறார்கள். மிளகு மூட்டைகளுக்கு இடையில் சீட்டில்லாமல் போன பயணி யார் என்று அந்த உத்தரத்தைப் பார்த்தபடி யோசித்தேன். கனெக்டிகட் நோய் எர்ணாகுளத்துக்கு வந்ததை வியந்துகொண்டு வந்தவனுக்கு, எர்ணாகுளம் பக்கத்து எலி உலகம் முழுக்கப் போனது அதைவிடப் பெரிய வியப்பாகப்பட்டது.

எலி, அதன் மேல் ஒரு பூச்சி, பூச்சியிலிருந்து மனிதன் என்ற முக்கோணத்தை மருத்துவம் கற்றதும் இதே அரபிக்கடலின் கரையில்தான். 1896இல் பம்பாயில் பிளேக் கொள்ளைநோய் இறங்கியது. 1898 ஜூனில் கராச்சியில், பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், செத்துக்கொண்டிருந்த ஓர் எலியைக் கூண்டிலிட்டு, பக்கத்தில் தொட முடியாத தூரத்தில் நல்ல எலியை வைத்தார். தெள்ளுப்பூச்சி மட்டும்தான் அந்த இடைவெளியைத் தாண்ட முடியும். நல்ல எலியும் செத்தது. அவர் சொன்னதைச் சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் ஏற்கவில்லை. லைம் நோயிலும் அதே முக்கோணம்தான். தெள்ளுப்பூச்சியின் இடத்தில் உண்ணி வந்து உட்கார்ந்திருக்கிறது.

மட்டாஞ்சேரி எலியிடம் இன்னொரு சுமையும் உண்டு. கேரளத்தில் எலிப்பனி என்கிறார்கள், நாம் எலிக்காய்ச்சல் என்கிறோம். லெப்டோஸ்பைரா என்ற சுருள் வடிவப் பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு ஒன்றும் செய்வதில்லை. சிறுநீரோடு வெளியேறி, தேங்கிய நீரில் காத்திருந்து, மனிதக் காலின் கீறல் வழியாக உள்ளே வருகிறது. ஜப்பானில் இனாடாவும் இடோவும் 1915இல் இதைப் பிரித்தெடுத்தார்கள். லைம் கிருமியான பொரீலியாவும் அதே சுருள் குடும்பம். இரண்டும் ஒன்றுக்கொன்று உறவு. ஒன்று சாக்கடை வழியாக வருகிறது, மற்றது புல் நுனி வழியாக.

ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பக்கம் ஒரு டோபிகானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள். வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள், ஆளுக்கொரு கல், வெளியே மைதானம் முழுக்கக் கொடிகளில் வெள்ளை விரிப்புகள். கிளிப் இல்லாமல், முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகி உலர்த்துகிறார்கள். தமிழ்ச் சத்தம் கேட்டு ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்தேன்.

“எலிப்பனி பயம் உண்டாய்யா இங்கே?”

“இல்லாம என்ன தம்பி? மழை விழுந்தாலே அந்தப் பயம்தான். கால்ல வெட்டு இருந்தா தண்ணியில இறங்காதேன்னு ஆரோக்கியத்துறைக்காரங்க சொல்றாங்க. எங்க தொழிலே தண்ணியிலதானே? வாரத்துக்கு ஒருக்கா மாத்திரை போட்டுக்கோன்னு குடுப்பாங்க, போட்டுக்குவோம்.”

அந்த மாத்திரை டாக்ஸிசைக்ளின். 2018 வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் பெருகியபோது, தண்ணீரில் நின்று வேலை செய்தவர்களுக்குக் கேரள அரசு வாரம் ஒருமுறை இதைக் கொடுத்தது. லைம் நோய்க்கும் முதல் மருந்து அதுதான். அதைச் சொல்லிவிட்டு, “உண்ணிக் காய்ச்சல் எதுவும் கேள்விப்பட்டிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“உண்ணியா? அது நாய்க்கும் மாட்டுக்கும் இல்ல வரும்?” என்றார்.

அவர் கேட்டதில் தவறில்லை. கடல் முனையில் எலிக்காய்ச்சலை எல்லாரும் அறிந்திருக்கிறார்கள். வியாதியின் பெயரைச் சொன்னாலே கால், வெட்டு, தண்ணீர், மாத்திரை என்று சங்கிலியாக வருகிறது. ஒரு சமூகம் இப்படி ஒரு நோயை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருப்பது சாதாரண விஷயமில்லை. அரசும் ஆசா பணியாளர்களும் பல மழைக்காலங்கள் கதவைத் தட்டிச் சொன்னதன் பலன் அது. மலை முனைக்கு அந்த அளவு அறிவு எட்டியிருக்கிறதா என்று பார்க்க மறுநாள் கிழக்கே பேருந்து ஏறினேன்.

ஆலுவா தாண்டி, பெரும்பாவூர் தாண்டி, கோடநாடு நோக்கிப் போகும்போது நிலம் மெல்ல மேடாகிறது. பிளைவுட் ஆலைகள், வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளர் குடியிருப்புகள், பிறகு ஜாதிக்காய்த் தோட்டம், ரப்பர், அன்னாசி, ஒரு வீடு, மறுபடி ரப்பர். ரப்பருக்கு நடுவில் சட்டென்று ஒரு காட்டுத் துண்டு. அந்தப் பக்கம் பெரியாறு; ஆற்றுக்கு அக்கரையில் மலையாற்றூர். கப்ரிக்காட்டில் அபயாரண்யம் என்ற இடத்தில் வனத்துறை யானைகளையும் மான்களையும் பராமரிக்கிறது. வேலிக்கு உள்ளே புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. வேலிக்கு வெளியே பசுக்கள். அதற்கும் அப்பால் தேக்குக் காடு. இந்த மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருப்பதைப் பார்த்தபோதுதான், படித்ததெல்லாம் கண்முன் வந்து நின்றது.

உண்ணியின் வாழ்க்கை மூன்று சாப்பாடு. லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் முட்டையிலிருந்து ஆறு கால் குஞ்சாக வெளிவரும். ஒரு பிராணியின் இரத்தத்தைக் குடித்து விழும். தோலுரித்து எட்டு கால் இளம் உண்ணியாகும். இரண்டாவது பிராணியைக் கடிக்கும். மறுபடி விழுந்து முதிரும். மூன்றாவதாக ஒரு பெரிய விலங்கின் மேல் ஏறி வயிறு நிறையக் குடித்து, இரண்டாயிரம் முட்டைவரை இட்டுச் சாகும். இந்தச் சுற்றுக்கு அமெரிக்கக் காட்டில் சுமார் இரண்டு ஆண்டு பிடிக்கிறது. உண்ணிக்குக் கண் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். முன்னங்காலில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. நம் மூச்சுக்காற்றையும் உடற்சூட்டையும் அதில் உணர்கிறது. புல் நுனியில் ஏறி, பின்னங்கால்களால் பிடித்துக்கொண்டு, முன்னங்கால்களை விரித்து நிற்கும். நாம் உரசிப் போனால் போதும்.

தாய் உண்ணி இந்தக் கிருமியை முட்டைக்குக் கொடுப்பதில்லை என்பது இதில் முக்கியமான செய்தி. பிறக்கும் உண்ணிக் குஞ்சு சுத்தமானது. அதற்குக் கிருமி முதல் சாப்பாட்டில்தான் கிடைக்கிறது. அந்தச் சாப்பாடு யார் மேல் என்பதில்தான் நோயின் தலைவிதி இருக்கிறது. வடகிழக்கு அமெரிக்காவில் அது பெரும்பாலும் வெள்ளைக்கால் சுண்டெலி. இரவில் காட்டுத் தரையில் ஓடியாடும் இதன் காதிலும் மூக்கோரத்திலும் உண்ணிக் குஞ்சுகள் அப்பிக்கொள்கின்றன. சுண்டெலி அவற்றைத் தட்டி எடுக்க மெனக்கெடுவதில்லை. அதன் உடலில் பொரீலியா மாதக்கணக்கில் வாழ்கிறது. எலிக்கு நோய் எதுவும் தெரிவதில்லை. அதன் இரத்தத்தைக் குடித்த பத்து குஞ்சுகளில் ஒன்பதுவரை கிருமியோடு இறங்குகின்றன. அடுத்த ஆண்டு அவை இளம் உண்ணிகளாகக் காத்திருக்கும்போது அளவில் கசகசா விதைதான். மனிதர் பலருக்கு நோய் வருவது இந்தக் கசகசாவிடமிருந்தே. கடித்தது தெரியாது, உமிழ்நீரிலேயே மரத்துப்போகச் செய்யும் பொருளும் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளும் இருக்கின்றன.

மானை வைத்து இந்த நோயைப் பேசுபவர்கள் அதிகம். மானின் இரத்தத்திலிருந்து உண்ணிக்குக் கிருமி போவதில்லை. ஆனால் முதிர்ந்த உண்ணிக்குக் கடைசி விருந்து மான்தான். மான் இல்லாவிட்டால் முட்டை இல்லை, எலி இல்லாவிட்டால் கிருமி இல்லை. ஒருவர் உண்ணியைப் பெருக்குகிறார், மற்றவர் கிருமியைக் காக்கிறார். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் எந்த விலங்கைக் கொல்வது என்ற பேச்சிலேயே பல ஊர்கள் நின்றுவிடுகின்றன.

கிருமியைக் கண்டவர் வில்லி பர்க்டார்ஃபர். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவின் மொன்டானாவில் உண்ணி ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்டவர். 1981இல் நியூயார்க்கின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளின் குடலை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஒரு காய்ச்சலின் கிருமியைத் தேடும்போது, சுருண்டு நெளியும் உயிர்கள் கண்ணில் பட்டன. 1909இலேயே ஸ்வீடனில் ஆர்விட் அஃப்செலியஸ், உண்ணி கடித்த இடத்திலிருந்து வட்டமாக விரியும் சிவப்புத் தடிப்பை விவரித்திருந்தார். அதுவும் இதே குடும்பத்துக் கிருமியின் வேலை என்று அப்போதுதான் முடிச்சு அவிழ்ந்தது. ஆல்ப்ஸ் பனியில் 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்துகிடந்த ‘பனி மனிதன்’ ஊட்ஸியின் உடலிலும் பொரீலியாவின் மரபணுத் தடயம் கிடைத்ததாக 2012இல் அறிவித்தார்கள். நோய் புதிதில்லை, பரவும் வேகம்தான் புதிது. 2010 முதல் 2018வரையான கணக்கின்படி அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் லைம் நோய்க்காகச் சிகிச்சை பெறுகிறார்கள்.

ஏன் பெருகியது என்பதற்கு ரிச்சர்ட் ஆஸ்ட்ஃபெல்டும் அவர் கூட்டாளிகளும் சொன்ன விடை என்னை உறங்கவிடவில்லை. நியூயார்க் மாநிலத்தின் மில்புரூக்கில் கேரி ஆய்வு நிலையத்துக் காடுகளில் அவர்கள் பல்லாண்டுகளாக ஓக் கொட்டைகளை எண்ணுகிறார்கள். ஒரு ஆண்டு ஓக் மரங்கள் கொட்டித் தீர்க்கும். பல ஆண்டுகள் சும்மா இருக்கும். கொட்டிய ஆண்டுக்கு மறு ஆண்டு, வயிறு நிறைந்த சுண்டெலிகள் பெருகும். அதற்கும் மறு ஆண்டு, கிருமி ஏந்திய இளம் உண்ணிகள் பெருகும். மரம் காய்த்த சேதியை வைத்து, இரண்டு கோடைக்குப் பிறகு நோய் ஆபத்து கூடுமா என்று சொல்ல முடிகிறது!

அதே குழுவினர் 2003இல் காட்டின் அளவைப் பார்த்தார்கள். வீடுகளுக்கு நடுவே விட்டுவைத்த 2 ஹெக்டேருக்கும் குறைவான துண்டுக் காடுகளில், அதாவது ஐந்து ஏக்கருக்கும் கீழ், கிருமி ஏந்திய உண்ணிகளின் நெருக்கம் பெரிய காடுகளைவிட மிக அதிகம். சின்னத் துண்டில் நரி நிற்காது, மரநாய் நிற்காது, ஆந்தைக்குப் போதிய இடமில்லை. சுண்டெலி மட்டும் எங்கும் நிற்கும். பெரிய காட்டில் உண்ணிக் குஞ்சு ஏறி உட்காரப் பல விலங்குகள் உண்டு, அவற்றில் பல கிருமியைக் கைமாற்றாதவை. துண்டுக் காட்டில் அதற்கு எலியைவிட்டால் வழியில்லை. 2017இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், நரியும் மரநாயும் நடமாடும் காடுகளில் எலிகள் மேல் உண்ணிக் குஞ்சுகள் குறைவு என்று கண்டார்கள். நரி பல எலிகளைத் தின்றுவிடுவதால் மட்டும் இல்லை. நரிக்குப் பயந்த எலி அதிகம் அலையாது, அலையாத எலி மேல் உண்ணி ஏறாது.

கோடநாட்டுச் சாலையில் நின்று சுற்றிப் பார்த்தேன். ரப்பர், வீடு, ஒரு துண்டுக் காடு, பசு. நரி ஊளையைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அந்த ஊரில் பேசியவர்களே சொன்னார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த ஒரு சேச்சியிடம் உண்ணியைப் பற்றிக் கேட்டேன். “ஆட்டுக்கும் பசுவுக்கும் வரும் மோனே, பிடுங்கிப் போடுவோம். நம்மைக் கடிச்சால் சாயங்காலம் குளிக்கும்போது தெரியும். காய்ச்சலுக்கும் அதுக்கும் என்ன?” என்றார். அவர் காலில் ரப்பர் பூட்ஸ் இருந்தது, பாம்புக்காகப் போட்டது.

காய்ச்சலுக்கும் உண்ணிக்கும் உள்ள உறவை நம் மேற்குத் தொடர்ச்சி மலை எப்போதோ உரக்கச் சொல்லிவிட்டது. 1957 மார்ச்சில் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், க்யாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. ஊர்களில் மனிதர்களும் இரத்தக்கசிவுக் காய்ச்சலில் விழுந்தார்கள். புனேயின் நச்சுயிர் ஆய்வு மையம், அதாவது இன்றைய தேசிய நச்சுயிரியல் நிறுவனம், அந்தக் காட்டில் இறங்கிப் புது வைரஸைக் கண்டது. குரங்குக் காய்ச்சல் என்று பெயர் விழுந்தாலும், குரங்கு அதில் பலியாள். காட்டெலிகளும் மூஞ்சுறுகளும் வைரஸைச் சுமக்கின்றன, உண்ணி அதைக் கடத்துகிறது. அங்கே மானின் இடத்தில் இருப்பது மாடு. காட்டை வெட்டி மேய்ச்சலுக்குத் திறந்தபோது, முதிர்ந்த உண்ணிகளுக்கு மாடு விருந்தானது, உண்ணி பெருகியது. நியூயார்க்கின் ஓக் காட்டில் நாற்பது ஆண்டு கழித்துக் கற்ற பாடத்தின் பாதி, ஷிமோகாவில் அதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. அந்த நோய் 2013இலிருந்து வயநாட்டிலும் தென்பட்டு, 2015இல் உயிர்களைப் பறித்தது. கேரளத்தில் எர்ணாகுளத்துக்கு முன்பே லைம் நோய் பதிவானதும் அதே வயநாட்டில்தான்.

கோடநாட்டுக்கு மேற்கொண்டு கிழக்கே, கோதமங்கலம் தாண்டி, தட்டேக்காடு. பெரியாற்றங்கரையில் 1983இல் அமைந்த பறவைச் சரணாலயம்; சலீம் அலி பெயரைத் தாங்கியது. 1930களில் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது அவர் கண்டு மனம் பறிகொடுத்த இடம். குரங்குக் காய்ச்சலின் வைரஸ் ரஷ்யாவில் உண்ணி பரப்பும் வைரஸ்களுக்கு நெருக்கமாக இருந்ததால், வலசைப் பறவைகளின் மேல் ஏறி உண்ணிகள் சைபீரியாவிலிருந்து வந்திருக்குமோ என்று உலக சுகாதார நிறுவனம் கேட்டது. சலீம் அலியின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பெருந்தொகையில் பறவைகளுக்கு வளையம் பூட்டியது அந்தக் கேள்வியால்தான். இந்தியாவின் பறவை வலசை அறிவில் பெரும்பங்கு ஓர் உண்ணியைத் தேடிப் போனதில் கிடைத்தது. காலை வெயிலில் ஒரு பெரிய துடுப்பு வால் கரிச்சான் கிளைக்குக் கிளை தாவியபோது, வழிகாட்டி அதன் வாலைக் காட்டினார். நான் என் கால்சட்டையின் கீழ்ப்பகுதியைக் குனிந்து சோதித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சோதனையை அவரும் செய்தார், பழக்கத்தால்.

லைம் நோய் இந்தியாவில் அரிது என்று பாடப்புத்தகம் சொல்லும். நாகரஹொளே, பந்திப்பூர்க் காடுகளை ஒட்டி வாழ்பவர்களிடமும் அங்கே வேலை செய்பவர்களிடமும் பெங்களூருக் கண் மருத்துவர்கள் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் பொரீலியாவுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. எதிர்ப்பொருள் இருந்தால் நோய் என்று பொருளாகாது. எலிக்காய்ச்சல் வந்தவரின் இரத்தமும் சில சமயம் லைம் சோதனையில் பொய்யாக ‘ஆம்’ என்று காட்டும்; இரண்டு கிருமிகளும் உறவு என்று சொன்னேனே, அந்த உறவின் விளைவு அது. எலிக்காய்ச்சல் மலிந்த எர்ணாகுளத்தில் அதனால்தான் ஒரே சோதனையை நம்பி முடிவெடுக்கக் கூடாது. இரண்டாம் கட்டச் சோதனையும் வேண்டும். ஆனால் சந்தேகமே வராவிட்டால் எந்தச் சோதனையும் நடக்காது. வட்டச் சிவப்பைப் படை என்று களிம்பு தடவி அனுப்பிவிடலாம், முட்டி வீக்கத்தை வாதம் எனலாம், ஒருபக்க முகவாதத்தை வேறு கணக்கில் எழுதலாம். மூன்றும் ஒரே கடியிலிருந்து, வெவ்வேறு மாதங்களில் வரக்கூடியவை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பொரீலியாவை எந்த எலி காக்கிறது, எந்த உண்ணி கடத்துகிறது என்று அமெரிக்காவில் சொல்வதைப் போல் விரல் நீட்டிச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. வரவேண்டும். குரங்குக் காய்ச்சலுக்காக ஷிமோகாவிலும் வயநாட்டிலும் உண்ணி பிடித்துச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைத் துணியைப் புல் மேல் இழுத்துக்கொண்டு போய், ஒட்டிய உண்ணிகளைக் குப்பியில் சேர்க்கும் எளிய வேலை அது. அதே குப்பியைப் பொரீலியாவுக்கும் சோதிக்கலாம். கோடநாடு, மலையாற்றூர், தட்டேக்காடு வட்டாரத்தின் ரப்பர் ஓரங்களில் ஆண்டுக்கு ஒருமுறை எலி பிடித்து, அதன் காதிலுள்ள உண்ணிகளைப் பார்ப்பது ஒரு மாவட்டத்துக்கு எட்டாத செலவில்லை. நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலை பறிப்பவர்களுக்காகத் தமிழ்நாடும் இதைச் செய்யவேண்டும். மட்டாஞ்சேரியில் வெளுக்கிற பெரியவருக்கு எலிப்பனி மனப்பாடமானதைப் போல, பால் வெட்டுகிற சேச்சிக்கும் கொழுந்து பறிக்கிற அக்காவுக்கும் உண்ணிக் காய்ச்சல் மனப்பாடமாகவேண்டும்.

அதுவரை வாசகர் தாமாகச் செய்துகொள்ளக்கூடியது உண்டு. காட்டோரம் நடந்து வந்த அன்றே உடம்பைப் பாருங்கள்: முட்டியின் பின்புறம், இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், பிள்ளைகளுக்குத் தலைமுடிக்குள். உண்ணி இருந்தால் சின்ன இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, பீடிச் சூடு எதுவும் வேண்டாம். அவை உண்ணியை இன்னும் கக்க வைக்கும். உண்ணியின் குடலில் ஒட்டிக்கிடக்கும் லைம் கிருமி, புது இரத்தம் பட்டு விழித்து, மேலுறை மாற்றிக்கொண்டு உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. அன்று மாலையே எடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ சிவப்பு வட்டமோ வந்தால், மருத்துவர் கேட்கக் காத்திருக்காமல், எந்தக் காட்டில், எந்தத் தோட்டத்தில், எந்த நாளில் நடந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.